டகோட்டாவைத் தரையில் நிறுத்தியது குண்டல்ல, ஈரம்

1944 மார்ச் கடைசியில் இம்பாலுக்குப் போகும் சாலையை ஜப்பானியப் படை அடைத்தது. ஜூன் 22-ல் சாலை திறக்கும்வரை உள்ளே இருந்தவர்களுக்கு அரிசி, பருப்பு, பீரங்கிக் குண்டு, பெட்ரோல், மருந்து எல்லாமே ஆகாய வழியாகத்தான் போயின. அகர்தலா, கொமிலா, சில்ஹெட் பக்கத்துத் தளங்களிலிருந்து இதைச் சுமந்ததில் பெரும்பங்கு டகோட்டா என்ற இரட்டை எஞ்சின் சரக்கு விமானத்துக்கு. பர்மா முனை என்றதும் பைலட்டுகளையும் எதிரி ஃபைட்டர்களையும் பற்றித்தான் பேச்சு ஓடும். தரையில் வேலை பார்த்த ஃபிட்டர்களின் நினைவுகளைப் படித்தால் எதிரிகளின் பட்டியலே வேறாக இருக்கும்: நனைந்த மாக்னெட்டோ (பிளக்குக்கு மின்பொறி தரும் கருவி), தண்ணீர் கலந்த பெட்ரோல், வெளுத்துப்போன டோப் (துணியை இறுக்கும் பூச்சு), அடி சிலிண்டரில் தேங்கிய ஆயில். முற்றுகையின் பிற்பாதி பருவமழைக்குள் போய்விட்டது. ஹேங்கர் என்று ஒன்று கிடையாது. இறக்கைக்குக் கீழே ஒதுங்கிக்கொண்டு, தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு செய்த வேலை. அந்த வேலை என்னென்ன, எது ஏன் கெட்டது, எப்படிச் சரிசெய்தார்கள் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் வண்டியைப் பார்த்துவிடலாம். சி-47-ஐத்தான் பிரிட்டிஷ் விமானப்படை டகோட்டா என்றது. இரண்டு பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் ஏழேழாக இரண்டு வரிசையில் 14 சிலிண்டர்கள், 30 லிட்டர் கொள்ளளவு. டேக்-ஆஃபில் 2,700 ஆர்.பி.எம்., 48 அங்குல மேனிஃபோல்ட் அழுத்தத்தில் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில்) 1,200 குதிரைசக்தி. மூன்று பிளேடு ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் ஹைட்ரோமாட்டிக் புரொப்பெல்லர். மாடல்களுக்குள் ஒரு வில்லங்கம் உண்டு. டகோட்டா 1-க்கு 12 வோல்ட் மின்சாரம். டகோட்டா 3, 4 இரண்டுக்கும் 24 வோல்ட். ஒரே தளத்தில் இரண்டு வகையும் நின்றால், ஸ்டோரிலிருந்து வரும் ரிலேயையும் மோட்டாரையும் பல்பையும் லேபிள் பார்க்காமல் மாட்டக்கூடாது. உருவம் ஒன்றுபோலவே இருக்கும், எரிந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

மழைக்காலத்தில் நேரத்தை அதிகம் தின்றது இக்னிஷன். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக ஒரு எஞ்சினுக்கு 28, விமானத்துக்கு 56. வலது மாக்னெட்டோ எல்லா முன் பிளக்குகளையும், இடது மாக்னெட்டோ எல்லாப் பின் பிளக்குகளையும் எரிய வைக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே தேடும் வேலை பாதியாகக் குறையும். எஞ்சினைச் சூடாக்கி 30 அங்குலத்துக்குக் கொண்டுபோய், சுவிட்சை ‘இரண்டும்’ நிலையிலிருந்து ‘வலது’க்குத் திருப்ப வேண்டும். ஆர்.பி.எம். 100-க்கு மேல் விழுந்தாலோ எஞ்சின் உதறினாலோ கோளாறு முன் பக்கத்து 14 பிளக்கில், அதன் வயரில், அல்லது அந்த மாக்னெட்டோவில். திரும்ப ‘இரண்டும்’ வந்து, எஞ்சின் சீரானதும் ‘இடது’. நேரே வலதிலிருந்து இடதுக்குத் தாவினால் முதல் சரிவின் மிச்சம் இரண்டாவதில் கலந்து கணக்கைக் கெடுக்கும். விழுந்த விதமும் பேசும். படாரென்று விழுந்தால் ஏதோ ஒரு பிளக்கோ வயரோ செத்திருக்கிறது. மெல்ல மெல்ல வழுக்கி இறங்கினால் மாக்னெட்டோவின் டைமிங்கையோ பாயின்ட் இடைவெளியையோ சந்தேகப்பட வேண்டும்.

14-ல் எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கெட்ட மாக்னெட்டோவில் மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டி, அதே நிலையில் எஞ்சினை அணைத்துவிட்டு, உடனே கௌலிங்கை (எஞ்சினின் மூடித் தகட்டை) திறந்து ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் குழாயிலும் ஈர விரலால் சட்டென்று தட்டிப் பார்ப்பார்கள். சுர்ரென்று சத்தம் வராமல் ஈரம் அப்படியே நிற்கிற இடம்தான் குற்றவாளி. அங்கே பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் வயர் அல்லது சிலிண்டர். வரிசையாக 14 பிளக்கையும் கழற்றிக்கொண்டிருந்தால் அன்றைய சார்ட்டி (ஒருமுறை பறந்துவரும் வேலை) போனதுதான்.

மழையில் பெரும்பாலும் பிளக் கெட்டிருக்காது, பிளக்குக்குப் போகும் பாதை நனைந்திருக்கும். ரேடியோவில் இரைச்சல் வராமலிருக்க இக்னிஷன் வயர்கள் எல்லாம் உலோக உறைக்குள் ஓடுகின்றன. பிளக்கின் வாயில் வயர் நுழையும் முழங்கை வளைவில் உறை கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கும். வயர் நுனியில் ஸ்பிரிங்கோடு இருக்கும் வெள்ளை இன்சுலேட்டர் குழலை எல்லோரும் சிகரெட் என்றே சொல்வார்கள். அதன்மேல் ஈரப்படலம் படிந்தால் மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் மேற்பரப்பிலேயே ஊர்ந்து பாடியில் இறங்கிவிடும். ஒருமுறை அப்படி ஊர்ந்தால் கருப்புக் கோடு விழும். அந்தக் கோடு கரி. பிறகு காய்ந்தாலும் மின்சாரம் அதே கோட்டில்தான் போகும், அந்தச் சிகரெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கோடு விழாமலிருந்தால் கரைப்பானில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டலாம். துடைத்த பிறகு அதை விரலால் தொடக்கூடாது. வேர்த்த கையின் உப்பு அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

பிளக்கைக் கையாளுவதிலும் கறார் உண்டு. காற்றை அமுக்கித் தரும் சூப்பர்சார்ஜர் உள்ள எஞ்சினுக்கு இடைவெளி சிறியது, 0.012 அங்குலத்தை ஒட்டி. நடு எலக்ட்ரோடைத் தொடாமல் ஓர எலக்ட்ரோடை மட்டும் அழுத்திச் சரிசெய்ய வேண்டும். நடுவில் அழுத்தினால் பீங்கான் விரியும். மரையில் கிராஃபைட் பூச்சு தடவும்போது நுனியிலிருந்து ஒன்றிரண்டு மரை விட்டுத் தடவ வேண்டும், ஏனென்றால் எலக்ட்ரோடில் ஒழுகினால் அதுவே ஷார்ட். கீழே விழுந்த பிளக் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கழிவுதான். இங்கே கஞ்சத்தனம் காட்டினால், உள்ளே விரிந்த பீங்கான் சூட்டில் உடைந்து சிலிண்டருக்குள் விழும்.

அடுத்த ஈரம் பெட்ரோலில். டகோட்டாவின் நான்கு டேங்குகளும் நிரம்பினால் சுமார் 800 அமெரிக்க கேலன், அதாவது 3,000 லிட்டர். முன்னணித் தளத்தில் பவுசர் (பெட்ரோல் ஏற்றும் லாரி) கிடையாது. 200 லிட்டர் பீப்பாய்களை உருட்டிவந்து கைப்பம்பால் ஏற்ற வேண்டும், முழுதாக நிரப்ப ஏறத்தாழ 15 பீப்பாய். பீப்பாயை நிமிர்த்தி வைத்தால் மேல்மூடியின் விளிம்புக்குள் மழைநீர் குளம்போல் நிற்கும். பகல் சூட்டில் பீப்பாய் காற்றைக் கக்கும், இரவில் குளிர்ந்து உள்ளிழுக்கும். மூடியின் வாஷர் கொஞ்சம் காய்ந்திருந்தால் காற்றுக்குப் பதில் அந்தக் குளத்தைக் குடிக்கும். அதனால் பீப்பாயைப் படுக்க வைப்பது விதி. இரண்டு மூடியும் கிடைமட்டக் கோட்டில், கடிகாரத்தின் 3, 9 இடங்களில் இருக்க வேண்டும். அப்போது உள்ளே பெட்ரோல் மூடியை நனைத்துக்கொண்டே இருக்கும், வாஷர் காயாது, வெளியே தண்ணீர் தேங்க இடமும் இல்லை. எடுப்பதற்கு முன்னால் நிமிர்த்தி, லேசாகச் சாய்த்து, அடங்கவிட்டு, உறிஞ்சும் குழாயை அடியிலிருந்து சில அங்குலம் மேலே நிறுத்திப் பம்ப் அடிக்க வேண்டும். அடியில் மிஞ்சுவது எஞ்சினுக்கு இல்லை, கை கழுவவும் பார்ட்ஸ் கழுவவும்.

புனலில் ஷாமி தோல் (மெல்லிய பதனிட்ட தோல்) கட்டுவார்கள். அதை முதலில் பெட்ரோலில் ஊறவைத்துவிட வேண்டும். பெட்ரோலில் ஊறிய தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை நிறுத்தும். மழையில் நனைந்த தோலைக் கட்டினால் எல்லாம் தலைகீழ், தண்ணீர் தாராளமாக இறங்கும். புனல், பம்ப், இறக்கை மூன்றையும் கம்பியால் இணைத்துத் தரைக்கு எர்த் கொடுத்த பிறகே ஊற்ற வேண்டும், தோல் வழியாக இறங்கும் பெட்ரோல் நிலைமின்சாரத்தை நன்றாகவே சேர்க்கும். ஏற்றிய பிறகு கொஞ்ச நேரம் அடங்கவிட்டு ஒவ்வொரு டேங்கின் அடிக்குழியான சம்பிலிருந்தும் கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு பிரிந்து தெரியும். கோடே இல்லாவிட்டால் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜாடி முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் கோடு தெரியாது. 100/130 பெட்ரோலுக்குப் பச்சைச் சாயம் உண்டு, ஆகவே நிறத்தைப் பார், மோந்து பார் என்பார்கள். அரைக் கருக்கலில் டார்ச் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது லேசல்ல. சந்தேகமென்றால் ஜாடியில் கொஞ்சம் சுத்தமான பெட்ரோலை ஊற்றினால் போதும், கீழே இருப்பது தண்ணீரானால் உடனே பிரிந்து நிற்கும். மாலையில் இறங்கிய விமானத்துக்கு அன்றிரவே டேங்கை நிரப்பிவிடுவதும் இதே காரணத்தால்தான். பாதி டேங்கில் இருக்கும் காற்று இரவில் குளிர்ந்தால் சுவரில் வேர்க்கும்.

தண்ணீரை விட்டுவிட்டு ஆயிலுக்கு வருவோம், ஏனென்றால் ரேடியல் எஞ்சினை (சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் எஞ்சின்) ஒரே நொடியில் பாழாக்கக்கூடியது அதுதான். அணைத்து வைத்த எஞ்சினில் ஆயில் மெல்ல வடிந்து அடி சிலிண்டர்களின் தலைக்குள் இறங்கும். ஆர்-1830-ல் பின் வரிசைக்கு ஒற்றைப்படை எண்கள், முன் வரிசைக்கு இரட்டைப்படை. உச்சியில் 1, நேர் அடியில் 8, அதன் இரு பக்கமும் பின் வரிசையில் 7, 9. பிஸ்டனுக்கும் தலைக்கும் நடுவில் ஆயில் நின்றிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். கொடுமை என்னவென்றால் வளைந்த ராடோடு எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓடவும் செய்யும். சில மணி நேரம் கழித்து, காட்டுக்கு மேலே, ராடு முறிந்து கிராங்கேஸைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதற்காகத்தான் காலையில் இரண்டு மூன்று பேர் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுவது. இந்த எஞ்சினின் ரிடக்‌ஷன் கியர் 16:9, அதாவது கிராங்க் 16 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் 9. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை அமுக்கத்துக்கு வந்துபோகும். அதற்குள் புரொப்பெல்லர் ஒரு சுற்றும் எட்டில் ஒரு பங்கும்தான் போயிருக்கும். மூன்று பிளேடுக்குக் கணக்குப் போட்டால் மூன்று போதாது, நான்காவது பிளேடு கடக்க வேண்டும். நடைமுறையில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு சுற்றுவார்கள். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் பிளேடின் வழியில் நிற்கக்கூடாது. மாக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால் சுவிட்ச் வெறும் அலங்காரம்.

சுற்றும்போது கெட்டியாக இடித்து நின்றால், பலம் போட்டுத் தள்ளுவதும் தப்பு, பின்பக்கம் சுற்றுவதும் தப்பு. பின்பக்கம் சுற்றினால் ஆயில் இன்டேக் குழாய்க்குப் போய் ஒளிந்துகொள்ளும், புரொப்பெல்லர் லேசாகச் சுற்றும், பிரச்சினை தீர்ந்ததுபோல் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் அதே ஆயில் உறிஞ்சப்பட்டுத் திரும்ப வரும், இப்போது முழு வேகத்தில். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அடி சிலிண்டர்களில் ஒவ்வொரு பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடியவிட்டு, இன்னும் சில பிளேடு சுற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டுவது. அவசரத்தில் இதைத் தாண்டிப் போனவர்கள் தந்த வேலைதான் பாதி சிலிண்டர் மாற்றங்கள் என்பது என் எண்ணம்.

சிலிண்டர் மாற்றம் திறந்த வெளியில் செய்யக்கூடியது; டகோட்டாவின் பெரிய பலமே அதுதான். கௌலிங், எக்ஸாஸ்ட், இன்டேக் குழாய், பேஃபிள் (காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பும் தகடு), பிளக் எல்லாம் கழன்ற பிறகு, அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், வால்வைத் தள்ளும் புஷ்-ராடுகள் இலகுவாக வந்துவிடும். சிலிண்டரை வெளியே இழுக்கும்போது ஒருவர் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் ராடு சாய்ந்து கிராங்கேஸ் விளிம்பில் மோதும். துவாரத்தை உடனே சுத்தமான துணியால் அடைக்க வேண்டும், ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் எஞ்சின் முழுக்க இறங்க வேண்டியதுதான். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மாஸ்டர் ராடு இருக்கிறது, மற்ற ஆறும் அதில் கோத்தவை. அந்தச் சிலிண்டரைக் கழற்றும்போது மட்டும் ராடை நடுவில் அசையாமல் கட்ட வேண்டும். அது சாய்ந்தால் மற்ற ஆறு பிஸ்டன்களும் இடம் நகர்ந்து, அடி ரிங் சிலிண்டரை விட்டு வெளியே துள்ளிவிடும். ஒரு சிலிண்டர் மாற்றப் போய் ஏழு கழற்றிய கதை இப்படித்தான் வரும். புதியதை மாட்டும்போது ரிங் வாய்கள் ஒரே கோட்டில் இல்லாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றனவா, பேஃபிள்கள் நெளியாமல் சிலிண்டரை ஒட்டி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பேஃபிள் வெறும் தகடுதானே என்று விட்டால், காற்று சிலிண்டரைத் தொடாமல் பக்கத்தில் ஓடிவிடும், பிஸ்டன் தலை ஓட்டையாகும்.

முழு எஞ்சினையே மாற்றுவதா வேண்டாமா என்பதை ஆயில் ஃபில்டரும் சம்ப் பிளக்கும் சொல்லும். கரித்துகள் விரலில் நசுங்கும், கவலையில்லை. காந்தத்தில் ஒட்டினால் எஃகு. ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் அலுமினியம், பிஸ்டனைத் தேட வேண்டும். மஞ்சள் மின்னினால் ஏதோ ஒரு வெண்கலப் புஷ் (தேய்மானம் தாங்கும் வளையம்). இரண்டொரு துகளுக்காக எஞ்சினை இறக்க மாட்டார்கள். ஃபில்டரைக் கழுவி, தரையில் ஓட்டி, திரும்பப் பார்ப்பார்கள். செதில் செதிலாக வந்தால் பேச்சே இல்லை. சுமார் 660 கிலோ எஞ்சினை முக்காலியும் செயின் பிளாக்கும் வைத்து இறக்கிவிடலாம், அது உடல் உழைப்பு மட்டுமே. மறக்கக்கூடாதது அதற்குப் பிறகு வருவது. பழைய எஞ்சின் கக்கிய உலோகம் ஆயில் கூலருக்குள்ளும் டேங்குக்குள்ளும் புரொப்பெல்லரின் முன் குமிழான டோமுக்குள்ளும் பிளேடைத் திருப்பும் ஃபெதரிங் குழாய்க்குள்ளும் இருக்கிறது. கூலரைத் தேன்கூடு போன்ற குழல்களோடு முழுதாகக் கழுவ வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றாவிட்டால் புது எஞ்சினும் அதே நோயில் போகும். பெட்டியில் வந்த எஞ்சினின் பிளக் துவாரங்களில் சிலிக்கா ஜெல் அடைப்பான்கள் இருக்கும். நீலமாக இருந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது. ரோஜா நிறம் என்றால் பெட்டிக்குள்ளும் ஈரம் வந்தாயிற்று.

துணி விஷயத்துக்கு வரலாம். உடல் முழுக்க அலுமினியமானாலும் டகோட்டாவின் ரட்டர், எலிவேட்டர் (வாலில் உள்ள திருப்பிகள்), ஐலெரான்கள் (இறக்கையில் உள்ள திருப்பிகள்) துணி போர்த்தியவை. பருத்தித் துணிமேல் டோப் பூசி முறுக்கேற்றியது. மழைக்காலத்தில் டோப் பூசினால் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பூச்சுக்குள் படிந்து, பூச்சு பால்போல் வெளுக்கும். பார்வைக்கு மட்டும் குறை என்று விடக்கூடாது, வெளுத்த பூச்சு துணியை இறுக்காது, உரிந்துவிடும். நடுப்பகலில் மழை விட்ட இடைவெளி பார்த்துப் பூச வேண்டும், அல்லது மெதுவாக உலரும் தின்னரைக் கலக்க வேண்டும். அடிப்பக்கத்து வடிகால் கண்களை டோப் அடைத்துவிடாமல் பார்ப்பதும் அவசியம். எலிவேட்டருக்குள் தண்ணீர் தேங்கினால் பின் விளிம்பு கனத்து, பறக்கும்போது அதிரத் தொடங்கும்.

சரக்கு போடும் சார்ட்டிகளில் கதவைக் கழற்றிவிட்டுத்தான் பறப்பார்கள். மழை நேரே விமானத்தின் தரைக்கு வரும், தரைக்கு அடியில் கண்ட்ரோல் கேபிள்கள். ஜப்பானியருக்குப் பின்னால் காட்டுக்குள் போரிட்ட சிந்திட் படைக்குக் கோவேறு கழுதைகளையும் டகோட்டாவில்தான் கொண்டுபோனார்கள். மூத்திரம் தரைப்பலகையின் இடுக்கில் இறங்கினால் அலுமினியத்தை அரிக்கும். உப்பு மூட்டையும் அதே வேலையைச் செய்யும். மேலே பாயும் தார்ப்பாயும் விரித்தாலும், இறங்கியதும் தரையைத் திறந்து தண்ணீர் விட்டுக் கழுவி, வடிகால் கண்களைக் கம்பியால் குத்தி, காயவிட்டுத்தான் மூட வேண்டும். வெள்ளைப் பொடியாகக் கிளம்பினால் அரிப்பு தொடங்கிவிட்டது. பாராசூட் இல்லாமல் போடும் அரிசியை இரட்டைச் சாக்கில் கட்டுவார்கள், உள்சாக்கு சின்னது, வெளிச்சாக்கு தொளதொள. விழும்போது உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு பிடித்துக்கொள்ளும். தப்பித் தவறி ஒரு மூட்டை டெயில்பிளேனில் (வாலின் கிடைமட்டச் சிறகு) மோதினால் முன் விளிம்பு ஒடுங்கும். ஒவ்வொரு சார்ட்டிக்கும் பிறகு வால்பக்கம் போய்ப் பார்ப்பது அதனால் பழக்கமானது.

ஹைட்ராலிக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் சிவப்பு மினரல் ஆயிலும் விளக்கெண்ணெய் வகை நீல ஆயிலும் இரண்டுமே புழக்கத்தில் இருந்தன. இயற்கை ரப்பர் சீல்கள் மினரல் ஆயிலில் ஊதிப்போகும். கலந்துவிட்டால் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களைக் கழுவுவதைத் தவிர வழியில்லை.

ஓடுதளத்தில் போட்ட துளைத் தகடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 15 அங்குல அகலம், சுமார் 30 கிலோ. சேற்றில் அமிழும் தளத்துக்கு வரம்தான். ஆனால் கொக்கி கழன்று விளிம்பு தூக்கினால் டயரை வகுந்துவிடும். டயரின் வெட்டுக்குள் துணி அடுக்கு தெரிந்தால் மாற்ற வேண்டும். கிளம்பி வரும் கல்லால் புரொப்பெல்லர் முன் விளிம்பில் வடு விழும். சின்ன வடுதானே என்று விட்டால் அந்த இடத்திலிருந்துதான் விரிசல் ஓடும். அரத்தால் வடுவின் அடிவரை ராவி, பிளேடின் நீளவாக்கில் நெடுக இழைத்து, குழி தெரியாத சரிவாக்கி, எமரித் தாளால் மெருகேற்ற வேண்டும். நுனியை வெட்ட நேர்ந்தால் மூன்று பிளேடிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும்.

குண்டு துளைத்த இடத்தில் தகட்டைப் பார்ப்பது கடைசி வேலை. நுழைந்த துளைக்கும் வெளியேறிய துளைக்கும் ஒரு கம்பியை நீட்டி, நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை: கேபிள், பெட்ரோல் குழாய், ஹைட்ராலிக் குழாய், ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் சட்டம்). கேபிளில் துணியை உருவிப் பார்த்தால் அறுந்த இழை துணியைப் பிடிக்கும். தகட்டின் விரிசல் நுனியில் சிறு துளை போட்டு ஓட்டத்தை நிறுத்தி, துளையை வட்டமாக வெட்டி, அதே கனமோ ஒரு கேஜ் கூடுதலோ உள்ள தகட்டை ரிவிட் அடிக்கலாம். அன்றிரவே போக வேண்டுமானால் சின்னத் துளைக்குத் துணியும் டோப்புமே போதும். ரிப்பேரின் உச்சம் 1941-ல் சீனாவில் நடந்தது. குண்டுவீச்சில் ஒரு பக்க இறக்கை போன, சீனாவின் சி.என்.ஏ.சி. விமான நிறுவனத்தின் டி.சி.-3-க்கு (டகோட்டாவின் பயணிகள் வடிவம்) வேறு இறக்கை இல்லை. இன்னொரு விமானத்தின் வயிற்றில் கட்டி ஹாங்காங்கிலிருந்து அதற்கு முந்தைய மாடலான டி.சி.-2-இன் இறக்கை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிப் பறந்தார்கள். அது சுமார் ஐந்தடி குட்டை, ஆனாலும் அடிப் போல்ட் வரிசை ஒத்துப்போயிற்று. அதற்கு டி.சி.-இரண்டரை என்று பெயரே விழுந்தது.

1947 அக்டோபர் 27-ல் ஸ்ரீநகருக்குச் சீக்கியப் படையை இறக்கியதும் டகோட்டாதான், இந்திய விமானப்படையின் 12-ஆம் ஸ்குவாட்ரனும் சிவில் கம்பெனிகளின் விமானங்களும். 1948 மே 24-ல் விமானி மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு லடாக்கின் லேயில் டகோட்டாவை இறக்கினார். அங்கே பிரச்சினை ஈரமல்ல, உயரமும் குளிரும். 11,000 அடியை ஒட்டிய இடத்தில் நின்ற எஞ்சினின் மேனிஃபோல்ட் கேஜ் சுமார் 20 அங்குலம்தான் காட்டும். 48 அங்குலம் எட்டவே எட்டாது. மாக்னெட்டோ சோதனையை 30 அங்குலத்தில் செய்யும் வழக்கம் அங்கே செல்லாது. எஞ்சின் நிற்கும்போது கேஜ் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுக்கு ஓட்டிப் பார்ப்பதுதான் சரி. கண்ட்ரோல் கேபிளும் மாறும். அலுமினிய உடல் எஃகுக் கேபிளைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும், ஆகவே சமவெளிச் சூட்டில் விறைப்பாக வைத்த கேபிள் குளிரில் தொய்யும். டர்ன்பக்கிளை (கேபிளை இறுக்கும் திருகை) முடுக்கும் முன் தட்பவெப்ப அட்டவணையைப் பார்க்காமல், கைக்குத் தொய்வாகத் தெரிகிறதே என்று முடுக்கினால், கீழே இறங்கியதும் ரட்டர் கல்லாக இறுகும்.

இத்தனையும் முடிந்தால் ஃபார்ம் 700, அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு. எஞ்சின், ஏர்ஃப்ரேம், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்ட், வயர்லெஸ் என்று ஒவ்வொரு டிரேடும் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு கடைசியில் கேப்டன் போடுவார். இன்னொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்டிய பாகமாக இருந்தால் அதன் சீரியல் எண்ணும் ஓடிய மணியும் இதில் ஏற வேண்டும். போர்க்காலத்தில் இப்படிக் கழற்றுவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அது இரண்டு தடவை கழற்றி இரண்டு தடவை மாட்டுகிற வேலை; அதுவும் எண் எழுதாமல் செய்தால் எந்த ஜெனரேட்டர் எத்தனை மணி ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குப் போன ஹம்ப் பாதையில் அமெரிக்கர்கள் வேறு வழி பிடித்தார்கள். 1944 செப்டம்பரில் பொறுப்பேற்ற அமெரிக்க ஜெனரல் வில்லியம் டன்னர் காலத்தில் தொடர்வரிசைப் பராமரிப்பு வந்தது. விமானத்தை ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துப்போவார்கள். ஒரு நிலையத்தில் கழுவல், ஒன்றில் எஞ்சின், ஒன்றில் ஹைட்ராலிக் என்று ஒவ்வொரு குழுவும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். வேகம் கூடியது உண்மை. ‘இது என் விமானம்’ என்று அதன் இரண்டாம் எஞ்சினின் இருமல்வரை அறிந்திருந்த தலைமை மெக்கானிக்கின் இடம் அதில் இல்லை. ஒரே தளத்தில் ஒரே ரக விமானம் குவிந்திருந்தால்தான் இந்த முறை கட்டுப்படியாகும். அகர்தலா மாதிரித் தளத்தில் பழைய முறையே மேல் என்பேன். பெரிய வேலைகள் எப்படியும் பின்னணிக்குத்தான் போயின. 1940 டிசம்பரில் தொடங்கிய பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1943-ல் அமெரிக்க விமானப்படையின் கைக்குப் போய் 84-ஆம் ஏர் டெப்போவாக மாறி, விமானங்களையும் எஞ்சின்களையும் ஓவர்ஹால் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. டன்னர் அதே தொடர்வரிசை முறையை 1948-49-ல் முற்றுகையில் இருந்த பெர்லினுக்கான ஆகாய விநியோகத்துக்கும் எடுத்துப்போனார். அங்கே 200 மணிப் பரிசோதனை முதலில் ஓபர்ஃபாஃபன்ஹோஃபனிலும் பிறகு இங்கிலாந்தின் பர்ட்டன்வுட்டிலும் நடந்தது. அங்கே விமானத்தின் தரைக்கு அடியிலிருந்து அள்ள வேண்டியிருந்தது நிலக்கரித் தூளையும் மாவையும்.